ஏழு வாக்குகள்: லண்டன் தீவு ஒன்றின் தேர்தல் கதை

(உள்ளூர்த் தேர்தல்கள் பற்றிய தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தேர்தல் என்றதும் நம் நினைவுக்கு வருவது பொதுத் தேர்தல்தான். யார் பிரதமர், எந்தக் கட்சிக்கு எத்தனை இடம் என்று விடிய விடியக் கண்விழித்துப் பார்ப்போம். குப்பை அள்ளுவதையும் கால்வாய் தூர்வாருவதையும் தெருவிளக்கு எரிவதையும் கவனிக்கும் நகராண்மைக் கழகத்துக்கு ஒரு தேர்தல் நடந்தால், அதைப் போய் யார் இரவெல்லாம் விழித்திருந்து பார்ப்பார்கள்?

இங்கிலாந்தில் ஓர் இரவு அப்படி விழித்திருந்தார்கள். 1993ஆம் ஆண்டு செப்டம்பர் 16, வியாழக்கிழமை. லண்டன் மாநகரின் கிழக்குப் பகுதியில் டவர் ஹாம்லெட்ஸ் நகராண்மைக் கழகத்தைச் சேர்ந்த மில்வால் என்ற வட்டாரத்தில் இடைத்தேர்தல் நடந்தது. காலியாக இருந்தது ஒரே ஓர் இடம். முடிவு அறிவிக்கப்பட்டபோது பிரிட்டிஷ் தேசியக் கட்சியின் டெரெக் பீக்கன் 1,480 வாக்குகள் பெற்றிருந்தார். தொழிற்கட்சி வேட்பாளருக்குக் கிடைத்தவை 1,473. லிபரல் டெமாக்ரட் கட்சிக்கு 1,284. கன்சர்வேட்டிவ் கட்சிக்கு வெறும் 134.

வித்தியாசம் ஏழு வாக்குகள்.

வெள்ளையர் அல்லாத மக்கள் நாட்டை விட்டு வெளியேற வேண்டும் என்பதைக் கொள்கையாக வைத்திருந்த ஒரு கட்சி, தன் வரலாற்றில் முதன்முதலாக ஒரு தேர்தலில் வென்றது. மறுநாள் பிரிட்டன் முழுவதும் அந்த ஒற்றை இடமே தலைப்புச் செய்தி. அந்த வட்டாரத்தில் வாழ்ந்த வங்காளதேசக் குடும்பங்களோ பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பவே அஞ்சிய நாள் அது.

அந்த ஏழு வாக்குகள் எங்கிருந்து வந்தன? இதற்குப் பதில் சொல்ல 1993இலிருந்து தொடங்கினால் போதாது. கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும்.

கப்பல்கள் வந்த தீவு

தேம்ஸ் நதி கிழக்கு லண்டனில் குதிரை லாடம் போல வளைந்து ஓடும் இடத்தில் ஒரு நிலப்பகுதி இருக்கிறது. மூன்று பக்கமும் நதி, நான்காவது பக்கம் கப்பல் துறைகளின் நீர். அதனால் அதற்குத் தீவு என்று பெயர். ஆங்கிலத்தில் ஐல் ஆஃப் டாக்ஸ். நேராகச் சொன்னால் 'நாய்களின் தீவு'. மில்வால் வட்டாரம் இந்தத் தீவில்தான் இருக்கிறது.

1802இல் இங்கே வெஸ்ட் இந்தியா கப்பல் துறை திறக்கப்பட்டது. மேற்கிந்தியத் தீவுகளில் அடிமைகளின் உழைப்பில் விளைந்த சர்க்கரையை இறக்கி வைப்பதற்காகக் கட்டப்பட்ட துறை அது. நான்கு ஆண்டுகள் கழித்து அருகிலேயே கிழக்கிந்தியக் கப்பல் துறை வந்தது. 1868இல் மில்வால் துறை. சாம்ராஜ்யத்தின் சரக்கெல்லாம் லண்டன் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தது. நம் முன்னோர்கள் பால்மரம் சீவி அனுப்பிய மலாயா ரப்பரும் அந்தத் துறைமுகத்தில்தான் இறங்கியது.

கப்பல்களோடு மனிதர்களும் வந்தார்கள். 'லஸ்கார்' என்று அழைக்கப்பட்ட இந்திய மாலுமிகள், குறிப்பாக வங்காளத்தின் சில்ஹெட் பகுதியினர், இந்தத் துறைகளில் இறங்கினார்கள். சிலர் திரும்பிப் போகக் கப்பல் கிடைக்காமல் தெருவில் தவித்தார்கள். அப்படிப்பட்ட ஆசிய மாலுமிகளுக்காக 1857இல் வெஸ்ட் இந்தியா டாக் சாலையில் ஒரு விடுதியே கட்டப்பட்டது. ஆக, 1990களில் 'நேற்று வந்தவர்கள்' என்று ஏசப்பட்டவர்களின் ஊர்க்காரர்கள் நூறாண்டுகளுக்கு முன்பே அந்த மண்ணில் கால் வைத்தவர்கள்.

துறைகளில் வேலை செய்த ஆங்கிலேயத் தொழிலாளர்களின் வாழ்க்கையும் சுகமானதன்று. காலையில் துறைமுக வாசலில் கூட்டமாக நிற்க வேண்டும். மேற்பார்வையாளர் விரல் நீட்டிக் கூப்பிட்டால் வேலை; இல்லையென்றால் பட்டினி. 1889இல் மணிக்கு ஆறு பென்ஸ் கூலி கேட்டு அவர்கள் நடத்திய வேலைநிறுத்தம் உலகத் தொழிற்சங்க வரலாற்றில் இடம்பெற்றது. ஆறு பென்ஸைப் பெற்றும் விட்டார்கள்.

சிறைக்குப் போன நகராண்மைக் கழகம்

அந்தக் காலத்தில் இந்தத் தீவு பாப்லர் நகராண்மைக் கழகத்தின் கீழ் இருந்தது. ஏழைகள் நிறைந்த பகுதி. ஆனால் கழகத்தை நடத்தியவர்கள் ஏழைகள் அல்லர். 1918இல் வாக்குரிமைச் சட்டம் மாறியது. வாக்காளர் பட்டியல் விரிவடைந்தது; பெண்களுக்கும் இடம் கிடைத்தது; ஏழைகளுக்கான உதவிப் பணம் வாங்கியவர்களை வாக்களிக்க விடாத பழைய தடையும் நீங்கியது.

அடுத்த ஆண்டு நவம்பரில் நடந்த கழகத் தேர்தலில் 42 இடங்களில் 39ஐத் தொழிற்கட்சி வென்றது. துறைமுகத் தொழிலாளிகளும் ரயில்வே ஊழியர்களும் தபால்காரர்களும் கழக உறுப்பினர்கள் ஆனார்கள். ஜார்ஜ் லான்ஸ்பரி என்ற பத்திரிகையாளர் மேயரானார். பிற்காலத்தில், 1932 முதல் 1935 வரை, பிரிட்டனின் தொழிற்கட்சிக்கே தலைமை தாங்கியவர் அவர்.

புதிய கழகம் தன் ஊழியர்களுக்கு வாரம் நான்கு பவுன் குறைந்தபட்சச் சம்பளம் என்று அறிவித்தது. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே சம்பளம். இது 1920இல் நடந்தது என்பதை மறந்துவிடக் கூடாது.

ஆனால் ஒரு பெரிய சிக்கல் இருந்தது. வேலை இல்லாதவர்களுக்கு உதவிப் பணம் கொடுக்கும் பொறுப்பு அந்தந்தப் பகுதியையே சேர்ந்தது. அதற்கான பணம் வீடுகளுக்கும் கடைகளுக்கும் விதிக்கும் மதிப்பீட்டு வரியிலிருந்து வர வேண்டும். வெஸ்ட்மின்ஸ்டர் போன்ற செல்வப் பகுதியில் மாளிகைகள் அதிகம், ஏழைகள் குறைவு. சிறிய வரி போட்டாலே பெட்டி நிரம்பும். பாப்லரில் குடிசை போன்ற வீடுகள். அதே வரியைப் போட்டால் சில்லறைதான் விழும். ஏழைகளோ ஏராளம். அதாவது ஏழைக்கு ஏழையே சோறு போட வேண்டும். அதற்கு மேல், லண்டன் மாவட்ட மன்றத்துக்கும் போலீசுக்கும் தண்ணீர் வாரியத்துக்கும் தங்கள் பங்கை வசூலித்துக் கொடுக்கவும் வேண்டும்.

போருக்குப் பிறகு வேலையில்லாத் திண்டாட்டம் தலைவிரித்தாடிய 1921ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் பாப்லர் கழகம் ஒரு முடிவெடுத்தது. மேலிடங்களுக்குரிய பங்கை வசூலிக்க மாட்டோம். செல்வப் பகுதிகளும் ஏழைகளின் சுமையைப் பங்கிட்டுக்கொள்ளட்டும் என்றது. வழக்கு உயர்நீதிமன்றத்துக்குப் போனது. ஜூலை 29ஆம் தேதி உறுப்பினர்கள் தங்கள் பகுதி மக்களோடு நீதிமன்றம் வரை ஊர்வலமாகவே நடந்து சென்றார்கள். பணத்தைக் கட்டும்படி நீதிமன்றம் உத்தரவிட்டது. அவர்கள் கட்டவில்லை.

செப்டம்பரில் 30 உறுப்பினர்கள் சிறைக்குப் போனார்கள். ஆண்கள் 25 பேர் பிரிக்ஸ்டன் சிறையில். பெண்கள் 5 பேர் ஹாலோவே சிறையில். சிறைக்குள்ளிருந்தும் அவர்கள் கழகக் கூட்டத்தை விடவில்லை. ஹாலோவேயிலிருந்து பெண் உறுப்பினர்களை வாடகைக் காரில் பிரிக்ஸ்டனுக்கு அழைத்து வந்து கூட்டம் நடத்தினார்கள். பக்கத்துப் பகுதிகளான ஸ்டெப்னியும் பெத்னல் கிரீனும் அதே வழியில் போகத் தீர்மானித்தபோது அரசாங்கம் அசைந்தது. ஆறு வாரங்களுக்குப் பிறகு, அக்டோபர் 12ஆம் தேதி, அனைவரும் விடுவிக்கப்பட்டார்கள். ஏழைகளின் சுமையை லண்டன் முழுவதும் பங்கிட்டுக்கொள்ளும் சட்டம் அந்த ஆண்டே நிறைவேறியது.

இந்த வெற்றிக்கு விலையும் இருந்தது. ஜார்ஜ் லான்ஸ்பரியின் மருமகளும் கழக உறுப்பினருமான மின்னி லான்ஸ்பரி சிறையிலிருந்து வந்த சில மாதங்களில், 1922 ஜனவரி முதல் தேதி, நிமோனியா காய்ச்சலால் இறந்துபோனார். அவருக்கு வயது 32. அவர் நினைவாக வைக்கப்பட்ட கடிகாரம் போ சாலையில் இருக்கிறது.

இந்தக் கதையை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 1921இல் பாப்லர் மக்கள் கேட்ட கேள்வி, சுமையை யார் சுமப்பது என்பது. அவர்கள் அதற்குப் பதில் தேடி மேலே, செல்வம் இருந்த திசையில் பார்த்தார்கள். எழுபது ஆண்டுகள் கழித்து அதே மண்ணில் அதே கேள்வி எழுந்தது. அப்போது ஒரு பகுதியினர் பக்கத்து வீட்டைப் பார்த்தார்கள்.

இருண்ட நிழல் புதிதல்ல

கிழக்கு லண்டனில் இனவெறி 1993இல் திடீரென்று முளைத்ததன்று. 1930களில் சர் ஆஸ்வால்ட் மோஸ்லியின் கறுப்புச் சட்டைப் படையினர் யூதர்களுக்கு எதிராக அங்கே பிரசாரம் செய்தார்கள். 1936 அக்டோபர் 4ஆம் தேதி கேபிள் தெருவில் மக்கள் திரண்டு அவர்களின் ஊர்வலத்தைத் தடுத்தார்கள். இது புகழ்பெற்ற சம்பவம், பாடநூல்களிலும் உண்டு. அதற்கு அடுத்து நடந்ததைப் பலரும் சொல்வதில்லை. 1937 மார்ச்சில் நடந்த லண்டன் மாவட்ட மன்றத் தேர்தலில் மோஸ்லியின் கட்சி எந்த இடத்தையும் வெல்லவில்லை என்றாலும், பெத்னல் கிரீன் வடகிழக்குத் தொகுதியில் ஏறக்குறைய 23 விழுக்காடு வாக்குகளைப் பெற்றது. தெருவில் தோற்றவர்களுக்கு வாக்குப் பெட்டியில் நான்கில் ஒருவர் ஆதரவு தந்தார்.

1978 மே 4ஆம் தேதி உள்ளூர்த் தேர்தல் நாள். அன்று மாலை வைட்சேப்பல் பகுதியில் அல்தாப் அலி என்ற இளம் வங்காளதேசத் தையல் தொழிலாளி வேலை முடிந்து வீடு திரும்பும் வழியில் இனவெறியர்களால் குத்திக் கொல்லப்பட்டார். பத்து நாள்களில் அவருடைய சவப்பெட்டியின் பின்னால் ஆயிரக்கணக்கானோர் பிரதமர் இல்லம் இருக்கும் டவுனிங் தெரு வரை நடந்தார்கள். வங்காளதேச இளைஞர்கள் அரசியலுக்கு வந்தது அந்த ஊர்வலத்திலிருந்துதான். அல்தாப் அலியின் பெயர் இப்போது அங்குள்ள பூங்காவுக்கு இருக்கிறது.

துறைமுகம் மூடியது, கோபுரம் எழுந்தது

தீவுக்கு வருவோம். 1965இல் லண்டனின் நகராண்மைக் கழகங்கள் மாற்றியமைக்கப்பட்டன. பாப்லர், ஸ்டெப்னி, பெத்னல் கிரீன் மூன்றும் சேர்ந்து டவர் ஹாம்லெட்ஸ் ஆனது. தீவு மக்களுக்கு அதிகாரம் இன்னும் தூரமாகப் போய்விட்டது போலத் தோன்றியது. பேருந்து போதாது, பள்ளி போதாது, கடை போதாது என்று முறையிட்டுச் சலித்துப்போன அவர்கள் 1970 மார்ச் முதல் தேதி ஒரு வேடிக்கை செய்தார்கள். பாலங்களை மறித்து, 'எங்கள் தீவு சுதந்திரம் அடைந்துவிட்டது' என்று அறிவித்தார்கள். அவர்களை வழிநடத்திய டெட் ஜான்ஸ் என்பவரைப் பத்திரிகைகள் தீவின் 'அதிபர்' என்றே எழுதின. நாடு சிரித்தது. சிரிப்புக்குள் இருந்த கோபத்தைக் கவனித்தவர்கள் குறைவு.

பிறகு பெரிய அடி விழுந்தது. சரக்குகள் கொள்கலன்களில் வரத் தொடங்கின. பெரிய கப்பல்கள் நதிக்குள் இவ்வளவு தூரம் வர முடியவில்லை. 1980இல் வெஸ்ட் இந்தியா, மில்வால் துறைகள் மூடப்பட்டன. தாத்தா, அப்பா, மகன் என்று பரம்பரையாகச் செய்த வேலை போய்விட்டது.

1981இல் மத்திய அரசாங்கம் அந்த நிலத்தை மேம்படுத்த ஒரு கழகத்தை அமைத்தது. அதன் உறுப்பினர்களை மக்கள் தேர்ந்தெடுக்கவில்லை, அரசாங்கம் நியமித்தது. கட்டட அனுமதி கொடுக்கும் அதிகாரமும் நகராண்மைக் கழகத்திடமிருந்து அதற்குப் போனது. பத்தே ஆண்டுகளில் கேனரி வார்ஃப் என்ற இடத்தில் 50 மாடிக் கோபுரம் எழுந்தது. பிரிட்டனிலேயே உயரமான கட்டடமாக அப்போது அது நின்றது. ஆற்றோரத்தில் சொகுசு வீடுகள் வந்தன.

துறைமுகத் தொழிலாளியின் மகனுக்கு அந்தக் கோபுரத்தில் என்ன வேலை கிடைக்கும்? ஆற்றோர வீட்டை அவனால் வாங்க முடியுமா? சன்னலைத் திறந்தால் கோபுரம் தெரியும். வீட்டுக்குள் ஈரம் ஊறிய சுவர். இதுதான் 1990களின் தொடக்கத்தில் தீவின் நிலை.

ஒரு வீடும் இரண்டு குடும்பங்களும்

மக்களுக்கு அப்போது தேவைப்பட்டது வாடகைக்கு ஒரு வீடு. நகராண்மைக் கழகத்தின் வாடகை வீடுகள்தான் அங்கே பெரும்பாலோருக்குப் புகலிடம். ஆனால் 1980ஆம் ஆண்டின் வீடமைப்புச் சட்டம், குடியிருப்பவர்களே அந்த வீடுகளைச் சலுகை விலையில் வாங்க உரிமை கொடுத்தது. விற்ற வீடுகளுக்கு ஈடாகப் புதிய வீடுகளைக் கட்டக் கழகங்களால் முடியவில்லை. வீடுகள் குறையக் குறைய வரிசை நீண்டது.

வீடில்லாத குடும்பங்களுக்கு முதலிடம் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். அப்படிப்பட்ட குடும்பங்களில் வங்காளதேசத்தவர் பலர் இருந்தார்கள். கணவர் முன்பே வந்து உழைத்திருப்பார். மனைவியும் பிள்ளைகளும் பின்னால் வந்து ஓர் அறையில் ஏழெட்டுப் பேராக நெருக்கியடித்து வாழ்ந்திருப்பார்கள். 1991 கணக்கெடுப்பின்படி டவர் ஹாம்லெட்ஸ் மக்களில் ஏறக்குறைய 23 விழுக்காட்டினர் வங்காளதேச வம்சாவளியினர். தீவில் அவர்களின் எண்ணிக்கை அதைவிடக் குறைவே.

1986 தேர்தலில் லிபரல்கள் 50 இடங்களில் 26ஐப் பெற்று, நெடுங்காலம் ஆண்ட தொழிற்கட்சியிடமிருந்து டவர் ஹாம்லெட்ஸைக் கைப்பற்றினார்கள். கழகத்தை ஏழு சிறு பகுதிகளாகப் பிரித்து, அதிகாரத்தை மக்களுக்குப் பக்கத்தில் கொண்டுவருகிறோம் என்றார்கள். நல்ல எண்ணம்தான். கூடவே 'மகன்கள், மகள்கள்' என்றொரு திட்டமும் வந்தது. அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களின் பிள்ளைகளுக்கு வீடு ஒதுக்கும்போது முன்னுரிமை. கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும். ஆனால் பழைய குடிகள் பெரும்பாலும் வெள்ளையர்களாக இருக்கும் இடத்தில் அதன் விளைவு என்னவாகும் என்று சொல்லத் தேவையில்லை. அதே கழகம், வங்காளதேசத்தில் வீடு இருந்தும் விட்டுவிட்டு வந்ததால் 'வேண்டுமென்றே வீடிழந்தவர்கள்' என்று சில குடும்பங்களுக்கு உதவியை மறுத்தது.

இப்படியாக ஒரு வீட்டுக்கு இரண்டு குடும்பங்கள் போட்டியிட்டன. ஒன்று, மூன்று தலைமுறையாகத் துறைமுகத்தில் உழைத்துக் களைத்த குடும்பம். மற்றொன்று, தையல் கூடத்திலும் உணவகத்திலும் உழைத்துக் களைத்த குடும்பம். மேலும் வீடுகள் கட்டாதது ஏன் என்று இரு குடும்பங்களும் சேர்ந்து கேட்டிருக்கலாம். 1921இல் அப்படித்தான் கேட்டார்கள். இம்முறை அந்தக் கேள்வியைச் சேர்ந்து கேட்க வைக்க ஒரு லான்ஸ்பரி இல்லை.

வெற்றிக்கு வழிவிட்டவர்கள்

பிரிட்டிஷ் தேசியக் கட்சி அந்த இடைவெளிக்குள் நுழைந்தது. 'வெள்ளையருக்கே உரிமை' என்று வீடு வீடாகப் போய்ப் பேசியது. 1992 அக்டோபரில் அதே மில்வால் வட்டாரத்தில் நடந்த இடைத்தேர்தலில் ஏறக்குறைய 20 விழுக்காடு வாக்குகளைப் பெற்றது. அபாய மணி அன்றே அடித்துவிட்டது.

மற்றக் கட்சிகள் என்ன செய்தன? லிபரல் டெமாக்ரட் கட்சியின் உள்ளூர்க் கிளை வெளியிட்ட துண்டறிக்கைகள் அதே மனக்குறைக்குத் தீனி போட்டன. பின்னர் அக்கட்சியே லெஸ்டர் பிரபுவின் தலைமையில் விசாரணைக் குழு அமைத்து, தன் கிளையைக் கண்டிக்க நேர்ந்தது. தொழிற்கட்சித் தரப்பிலிருந்தோ, பிரிட்டிஷ் தேசியக் கட்சி வெற்றியை நெருங்கிவிட்டது என்று காட்டும் வாக்குக் கணக்கு ஒன்று வெளியே கசிந்தது. பயத்தால் மக்கள் தங்கள் பக்கம் வருவார்கள் என்ற எதிர்பார்ப்பு. அது உண்மையான கணக்கு அல்ல என்று பின்னர் தெரியவந்தது. ஆனால் அதற்குள், 'இந்தக் கட்சி ஜெயிக்கக்கூடிய கட்சிதான், நம் வாக்கு வீணாகாது' என்ற நம்பிக்கையைத் தயங்கி நின்றவர்களுக்கு அது கொடுத்துவிட்டது.

வாக்களிப்புக்கு எட்டு நாள் முன்னதாக, செப்டம்பர் 8ஆம் தேதி, ஸ்டெப்னியில் 17 வயது வங்காளதேச மாணவர் ஒருவரை ஒரு கும்பல் மூளை சேதமடையும் அளவுக்கு அடித்துப் போட்டது. அந்தப் பையன் மருத்துவமனையில் நினைவிழந்து கிடந்த வேளையில்தான் மில்வால் வாக்களித்தது.

வாக்களித்தவர்கள் எத்தனை பேர்? நூற்றுக்கு 44 பேர்தான். பாதிக்கு மேற்பட்டோர் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். வாக்களித்தவர்களிலும் மூன்றில் இரண்டு பங்கினர் பீக்கனுக்கு எதிராகவே வாக்களித்தார்கள். ஆனால் அவை பிரிந்துபோயின. அந்தத் தீவு ஒரே இரவில் இனவெறித் தீவாக மாறிவிடவில்லை. பயப்பட வேண்டியவர்கள் சிலர் பட்டியலில் பெயரே பதியவில்லை. பதிந்தவர்களில் பலர் போகவில்லை. போனவர்கள் பிரிந்து நின்றார்கள். ஏழு வாக்குகள் அங்கிருந்துதான் வந்தன.

எட்டு மாதங்களில் வந்த பதில்

அடுத்த ஆண்டு மே 5ஆம் தேதி முழுக் கழகத்துக்கும் தேர்தல் வந்தது. இடைப்பட்ட எட்டு மாதங்களில் தீவு உறங்கவில்லை. தேவாலயத்தார், குடியிருப்போர் சங்கத்தார், வங்காளதேச அமைப்பினர், தொழிற்சங்கத்தினர் என்று பலரும் கதவு கதவாகத் தட்டினார்கள். வாக்காளர் பட்டியலில் பெயர் பதிய வைத்தார்கள். வெளியே வர அஞ்சிய பெண்களைத் துணையிருந்து வாக்குச் சாவடிக்கு அழைத்துப் போனார்கள். மார்ச்சில் தொழிற்சங்கங்கள் கிழக்கு லண்டனில் மாபெரும் ஊர்வலம் நடத்தின.

வாக்களிப்பு ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்காக உயர்ந்தது. உள்ளூர்த் தேர்தலுக்கு இது வியக்கத்தக்க அளவு. மில்வால் வட்டாரத்தின் மூன்று இடங்களையும் தொழிற்கட்சி வென்றது. டவர் ஹாம்லெட்ஸ் முழுவதிலும் 50 இடங்களில் 43 அதற்குக் கிடைத்தன. லிபரல்களின் எட்டாண்டு ஆட்சி முடிந்தது.

ஆனால் அன்றைய எண்களில் ஒன்றை மட்டும் உற்றுப் பாருங்கள். தோற்றுப்போன டெரெக் பீக்கன் பெற்ற வாக்குகள் 2,041. வென்றபோது பெற்றதைவிட 561 அதிகம்! அவருடைய ஆதரவாளர்கள் மனம் மாறவில்லை, கூடினார்கள். அவரை வீழ்த்தியது, முன்பு வீட்டில் இருந்தவர்கள் இம்முறை எழுந்து வந்ததுதான். மனமாற்றம் வேறு, தேர்தல் வெற்றி வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான கணக்கு கிடைக்காது. இரண்டாவதை எட்டு மாதத்தில் சாதிக்கலாம். முதலாவதற்கு வீடு வேண்டும், வேலை வேண்டும், காலம் வேண்டும்.

அதனால்தான் கதை அங்கே முடியவில்லை. 2006இல் இன்னும் கிழக்கே, பார்க்கிங் - டேகன்ஹாம் கழகத்தில் அதே கட்சி 12 இடங்களை வென்றது. அங்கேயும் முன்கதை ஒன்றுதான்: டேகன்ஹாமில் ஃபோர்டு கார் உற்பத்தி 2002இல் நின்றது; வாடகை வீட்டுக்கான வரிசை நீண்டது. அங்கும் மக்கள் கதவு தட்டினார்கள். 2010இல் அந்த 12 இடங்களும் பறிபோயின. 51 இடங்களையும் தொழிற்கட்சியே வென்றது.

டவர் ஹாம்லெட்ஸிலும் எல்லாம் பொன்னாகிவிடவில்லை. வங்காளதேச வம்சாவளியினர் கழகத்தில் உயர்ந்த இடத்துக்கு வந்தார்கள். 2010இல் நேரடித் தேர்தலில் மேயரான லுத்ஃபுர் ரஹ்மான் 2014இலும் வென்றார். ஆனால் ஊழலும் சட்ட மீறலும் நடந்ததாகத் தீர்ப்பளித்து, 2015 ஏப்ரலில் தேர்தல் நீதிமன்றம் அந்த வெற்றியைச் செல்லாததாக்கியது. ஐந்தாண்டுகள் அவர் போட்டியிட முடியாமல் போனது. தடை முடிந்து 2022இல் அவர் மீண்டும் நின்றார். மக்கள் மீண்டும் தேர்ந்தெடுத்தார்கள். எந்த இனத்தவர் ஆனாலும் அதிகாரத்துக்குக் கண்காணிப்பு வேண்டும் என்பதையும், கடைசித் தீர்ப்பு வாக்காளரிடமே திரும்பி வருகிறது என்பதையும் அந்தக் கழகம் ஒருசேரக் காட்டியது.

நமக்கு என்ன?

லண்டன் கதை நமக்கு எதற்கு என்று நேயர்கள் கேட்கலாம். மலாயாவில் முதன்முதலாக மக்கள் வாக்களித்தது நாடாளுமன்றத்துக்கு அல்ல. 1951 டிசம்பரில் பினாங்கு ஜார்ஜ்டவுன் நகராண்மைக் கழகத்துக்குத்தான். அடுத்த ஆண்டு கோலாலம்பூர். பாப்லரும் ஸ்டெப்னியும் சேர்ந்து டவர் ஹாம்லெட்ஸ் ஆன அதே 1965ஆம் ஆண்டில், இந்தோனேசியாவுடனான மோதல் காலத்தில், நம் நாட்டில் ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்திவைக்கப்பட்டன. 1976ஆம் ஆண்டுச் சட்டம் நியமன முறையைக் கொண்டுவந்தது. அது சரியா, தவறா என்பது தனி விவாதம். உள்ளூர்த் தேர்தல் இனப் பிளவைக் கூட்டும் என்று அஞ்சுவோர் 1993ஐச் சுட்டிக்காட்டலாம். அது மக்களுக்குப் பொறுப்பைக் கற்றுத்தரும் என்போர் 1994ஐக் காட்டலாம். இரண்டும் ஒரே தீவில், எட்டு மாத இடைவெளியில் நடந்தவை.

எனக்குத் தோன்றுவது இதுதான். வீட்டுக்கும் வேலைக்கும் ஏங்கும் மக்கள் எந்த நாட்டிலும் யாரையாவது காரணம் சொல்லத்தான் செய்வார்கள். 1921இல் அவர்களோடு சேர்ந்து சிறைக்குப் போகவும் துணிந்தவர்கள் இருந்தார்கள். அதனால் கோபம் சட்டத்தை மாற்றியது. 1993இல் அந்த இடம் காலியாகக் கிடந்தது. வேறொருவர் வந்து உட்கார்ந்தார். தலைவர்கள் விட்டுச்செல்லும் வெற்றிடம் நீண்ட நாள் வெற்றிடமாக இருப்பதில்லை.

ஏழு வாக்குகள் என்பது ஒரு மாடி வீட்டின் இரண்டு குடும்பங்கள். அன்று களைப்புக்கும் சோம்பலுக்கும் இடம் கொடுத்து, 'நான் ஒருவன் போகாவிட்டால் என்ன' என்று நினைத்தவர்கள் அந்தத் தீவில் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். அவர்களில் எட்டே எட்டுப் பேர் எழுந்து போய் எதிர்த்து வாக்களித்திருந்தால் போதும்.

அடுத்த முறை உங்களுக்கு வாக்களிக்கும் வாய்ப்பு வரும்போது, பொதுத் தேர்தலோ குடியிருப்போர் சங்கத் தேர்தலோ எதுவாக இருந்தாலும், அந்த எட்டுப் பேரை நினைத்துக்கொள்ளுங்கள்.